போத்தல்காரர் சின்னராசாவின் விளையாட்டுப் பெட்டிகள்

சாக்கைத் தோளிலிருந்து இறக்குவதற்கு முன்னால் சின்னராசா முதலில் நாயைத் தேடுவார். கட்டியிருக்கிறதா, அவிழ்த்து விட்டிருக்கிறதா என்று. பிறகு வாசல் கேட்டுப் பக்கம் திரும்பி, காவலுக்கு நிற்கும் வாட்சர் பார்த்துக்கொண்டிருக்கிறாரா என்று உறுதி செய்துகொள்வார். கடைசியாக வானத்தையும் ஒரு தடவை அண்ணாந்து பார்ப்பார். எல்லாம் சரியாக இருந்தால்தான் பங்களாவின் பின்கதவுக்கு வெளியே ஒதுங்கி நின்று, “போத்தல்... பேப்பர்...” என்பார். அதைக் கூவுவது என்று சொல்ல முடியாது. கோயிலில் பக்கத்தில் நிற்பவர் காதில் விழாமல் நம் வேண்டுதலைச் சொல்வோமே, அந்த அளவு சத்தம்தான். நாய்க்குத்தான் அது முதலில் கேட்கும். நாய் குரைத்த பிறகுதான் போத்தல்காரர் வந்திருப்பது வீட்டுக்காரருக்குத் தெரியும்.

நோர்வூட்டைச் சுற்றியுள்ள தேயிலைத் தோட்டங்களில் அவரைத் தெரியாதவர்கள் இல்லை. ஒடிசலான உடம்பு. சாக்கு நிறைந்துவிட்டால், பின்னாலிருந்து பார்ப்பவர்களுக்குச் சாக்குக்குக் கால் முளைத்து நடப்பது போலிருக்கும். பழைய பத்திரிகை, சாராயப் போத்தல், ஜாம் போத்தல், பால்மா டின், அட்டைப்பெட்டி என்று எது கொடுத்தாலும் வாங்கிக்கொள்வார். கொக்கித் தராசில் மாட்டித் தூக்கிப் பிடித்து, முள் நின்ற இடத்தை வீட்டுக்காரர் வாயாலேயே சொல்ல வைப்பார்.

“நான் சொன்னா சரியா வராதும்மா. நீங்களே பாத்து, ஒங்க வாயாலயே சொல்லிருங்க.”

பங்களாவில் ஒரு கரண்டி காணாமல் போனாலும் முதலில் விசாரிக்கப்படுகிறவர் போத்தல்காரர்தான். அது அவருக்குத் தெரியும். அதனால் புறப்படும்போது கேட்டடியில் சாக்கைக் கவிழ்த்துக் கொட்டி, வாட்சருக்குக் காட்டிவிட்டு, மறுபடி எல்லாவற்றையும் அடுக்குவார். காட்டச் சொல்லி யாரும் கேட்பதில்லை. மணிக்கூண்டுத் தோட்டத்து வாட்சர் சோலைமலைக்கு இது பெரிய தொல்லை.

“யோவ், போய்யா. ஒன் சாக்கப் பாத்துப் பாத்து என் கண்ணே பூத்துப்போச்சு.”

“இல்ல மாமா. நாளைக்கு ஒருத்தன் கேட்டு வந்தா என்னா பதில் சொல்றது?”

“எவன்யா வரப்போறான், ஒன் ஓட்டப் போத்தலக் கேட்டு?”

“வருவான் மாமா. சாமான்னு ஒன்னு இருந்தா அதுக்கு ஒரு சொந்தக்காரன் இருப்பான்ல.”

சோலைமலை சிரித்துவிட்டு பீடியைப் பற்றவைத்துக்கொள்வார். சின்னராசா சிரிப்பதில்லை. ‘ஒருத்தன் கேட்டு வந்தா’ என்ற பேச்சு அவர் வாயில் ஒரு நாளைக்குப் பல தடவை வரும். சொல்லும்போது கழுத்துச் சங்கு ஏறி இறங்கும்.

அவர் விளையாட்டுப் பெட்டிகள் சேர்க்கத் தொடங்கியதும் இந்தப் பயத்தால்தான்.

தொண்ணூறுகளின் தொடக்கத்தில் தோட்டங்கள் கம்பெனிகளின் கைக்கு மாறின. அவற்றை நிர்வகித்த துரைமாரும் மாறினார்கள். மணிக்கூண்டுத் தோட்டத்துப் பழைய துரை பங்களாவைக் காலி செய்த வாரம், சமையல் பார்த்த அழகம்மா பின்வாசலில் ஒரு குவியலைக் கொண்டுவந்து கொட்டினார். துரையின் பிள்ளைகள் கம்பியூட்டரில் விளையாடிய விளையாட்டுகள் வந்த பெட்டிகள் அவை. பிள்ளைகள் வெளிநாட்டுக்குப் படிக்கப் போய்விட்டார்கள்.

அட்டைப்பெட்டி என்றால் தரையில் போட்டு மிதித்துத் தட்டையாக்குவது தொழில் முறை. இல்லாவிட்டால் சாக்கில் இடம் போதாது. ஆனால் எழுத்து இருக்கிற காகிதம் சரஸ்வதி அல்லவா? அதனால் சின்னராசா மிதிப்பதற்கு முன்னால் குனிந்து, பெட்டியைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொள்வார். அன்றும் ஒற்றிக்கொண்டுதான் காலைத் தூக்கினார். கீழே பெட்டியின் மேல் வெள்ளைத் தாடிக் கிழவர் ஒருவர், கையில் மின்னலைப் பிடித்துக்கொண்டு, அவரையே அண்ணாந்து பார்த்தார். தூக்கிய கால் தூக்கியபடியே நின்றுவிட்டது.

“என்னாய்யா, ஒத்தக் கால்ல கொக்கு மாதிரி?” என்றார் அழகம்மா.

“சாமியாரு படமுங்கக்கா. இதுல போயி எப்புடி மிதிக்கிறது?”

“சாமியாரும் இல்ல ஒன்னும் இல்ல. உள்ள கறுப்பா ஒரு தகடு இருக்கு பாரு. அதக் கம்பியூட்டரு வாயில குடுத்தா காடு, மலை, கோட்டை, சண்டைன்னு ஒரு ஊரே வந்து நிக்கும். தம்பிமாரு சோறு தண்ணி இல்லாம அதுக்கு முன்னாடிதான் கெடப்பாங்க.”

சின்னராசா பெட்டியைத் திறந்து பார்த்தார். தடித்த புத்தகம் ஒன்று, மடித்த தாள்கள், உள்ளங்கை அளவில் கறுப்புச் சதுரங்கள். ஒவ்வொன்றும் அதனதன் பள்ளத்தில், தொட்டிலில் பிள்ளை கிடப்பது போலக் கிடந்தன. ஒரு ஊரைத் தூக்கிக் கையில் கொடுத்துவிட்டார்கள் என்று அவருக்குப் பட்டது. அந்தப் பிள்ளைகள் பெரியவர்களாகித் திரும்பி வந்து கேட்டால்? மிதித்த ஊரை எப்படித் திருப்பிக் கொடுப்பது?

அவர் மிதிக்கவில்லை. வீட்டுக்குக் கொண்டுபோனார். போகும்போது, “நீங்க குடுத்ததுதான்னு வாட்சருக்கிட்ட ஒரு வார்த்தை சொல்லிருங்கக்கா,” என்று அழகம்மாவைக் கேட்டடி வரை இழுத்துக்கொண்டு போனதை அழகம்மா இன்றும் சொல்லிச் சிரிப்பார்.

அதற்குப் பிறகு எந்தப் பங்களாவுக்குப் போனாலும், நிறுத்து முடித்துவிட்டு, குரலை இன்னும் தாழ்த்தி, “தம்பிமாரு வெளையாடுன கம்பியூட்டர் பொட்டி ஏதும் கெடக்குங்களா?” என்று கேட்பது வழக்கமாகிவிட்டது. ஹட்டன் பக்கம், தலவாக்கலைப் பக்கம், ஒரு தடவை ராகலை வரைக்கும் போயிருக்கிறார். கம்பியூட்டர் அவரிடம் இல்லை. தொழிலாளர்களின் வரிசை வீடான லயத்துக் காம்பராவில் ஒரு பல்ப் எரிவதே பெரிய காரியம். அந்தத் தகடுகளுக்குள் இருப்பதைப் பார்க்க வேண்டும் என்ற ஆசை மட்டும் இருந்தது. கேட்கத்தான் பயம்.

பெட்டி முழுதாக இருக்க வேண்டும். அதுதான் அவர் கணக்கு. புத்தகம், தாள், விலை ஒட்டிய சீட்டு, மேலே சுற்றி வந்த கண்ணாடித் தாளின் கிழிந்த துண்டு, எது குறைந்தாலும் அவருக்கு உறக்கம் வராது. ஒரு பெட்டியில் புத்தகத்தைக் காணவில்லை என்று, பின்கதவையே நடுங்கிக்கொண்டு தட்டுகிற மனிதர், தலவாக்கலைப் பங்களா ஒன்றின் முன்வாசலுக்கே போய், துரையின் மனைவி துரைசாணியிடம் கேட்டிருக்கிறார். துரைசாணி புத்தகத்தைத் தேடிக் கொடுத்துவிட்டுக் கதவைச் சாத்தும்வரை வாசலிலேயே காத்து நின்றாராம். பெட்டியில் ஒன்று குறைகிறது என்றால் மட்டும் அவருக்கு எங்கிருந்தோ ஒரு தைரியம் வரும். அதை அந்த மாரியாத்தாதான் கொடுக்கிறாள் என்று அவர் நம்புகிறார்.

மலைநாட்டில் அட்டைக்கு எமன் ஈரம். பனி காம்பராவுக்குள் வந்து பாயில் படுத்துக்கொள்ளும். ஆடி மழை தொடங்கினால் சுவரே வியர்க்கும். தொழிற்சாலையில் தேயிலை அடைத்த பலகைப் பெட்டிகள் போய்க் காகித மூட்டை வந்த காலம் அது. தூக்கிப் போட்ட பலகைப் பெட்டி ஒன்றை சின்னராசா கேட்டு வாங்கிக்கொண்டார். உள்ளே ஈயத்தாள் ஒட்டியிருக்கும். தேயிலைக்கே ஈரம் ஏறாது என்றால் காகிதத்துக்கு எப்படி ஏறும்? அடியில் அடுப்புக்கரியைத் துணியில் முடிந்து வைத்தார். வெயில் அடிக்கிற ஞாயிற்றுக்கிழமை மட்டும் திறப்பார். குளித்து, விபூதி பூசி, கையை இரண்டு தரம் துடைத்துக்கொண்டு, பெட்டிகளை ஒவ்வொன்றாக எடுத்து மூக்கருகில் வைத்து மோந்து பார்ப்பார். பூஞ்சண வாடை இல்லை என்றால் முகம் தெளியும்.

மனைவி நாகலெட்சுமி தேயிலைக் கொழுந்து எடுப்பவர். வாய் கொஞ்சம் நீளம்.

“ஊர்க் குப்பையெல்லாம் நிறுத்து விக்கிறீங்க. இந்தக் குப்பைய மட்டும் ஏங்க குளிப்பாட்டி, சீவிச் சிங்காரிச்சு வச்சிருக்கீங்க?”

“நம்ம சாமான் இல்ல புள்ள. ஒருத்தன் கேட்டு வந்தா...”

“வந்தா என்னையும் சேத்துக் கூட்டிக்கிட்டுப் போகச் சொல்லுங்க. நானும் இந்தக் காம்பராவுல ஒரு மூலையிலதான் கெடக்குறேன்.”

எல்லாப் பெட்டிகளிலும் ஒன்றுதான் நாகலெட்சுமிக்குப் பிடிக்காது. உண்மையில் சின்னராசாவுக்கும் அதைப் பார்த்தால் பயம்தான். அதன் மேல் ஒரு போர் விமானம், மூக்கைப் பார்ப்பவர் பக்கம் திருப்பி, இரண்டு பக்கமும் நெருப்புக் கக்கிக்கொண்டு வந்தது. உள்ளே மடித்த பெரிய தாளில் ஏதோ ஒரு தீவின் வரைபடம். கடலோரத்தில் அங்கங்கே சிவப்பு வட்டங்கள். அதோடு கெட்டி அட்டையில் ஒன்றன்மேல் ஒன்றாக இரண்டு வட்டங்கள் சேர்ந்த சக்கரம் ஒன்று. நடுவில் ஒரு பித்தளைக் குமிழ். வெளிவட்டத்தில் வகை வகையான விமானங்கள். உள்வட்டத்தில் பருந்து, பாம்பு, வாள் என்று சின்னச் சின்ன முத்திரைகள். விமானத்துக்கு நேராக முத்திரையைத் திருப்பி வைத்தால் ஒரு சன்னல் ஓட்டையில் இலக்கங்கள் வரும். சாதகம் கணிக்கிற சக்கரம் போல ஏதோ ஒன்று என்று சின்னராசா நினைத்திருந்தார். ஞாயிற்றுக்கிழமைகளில் அதை மெல்லத் திருப்பித் திருப்பிப் பார்ப்பார். பிறகு பயந்து உள்ளே வைத்துவிடுவார்.

நாட்டில் சண்டை நடந்துகொண்டிருந்த நிலையில் அப்படி ஒரு பெட்டியை ஒரு தமிழன் வீட்டில் வைத்திருக்கக் கூடாது என்று அவருக்கே தெரியும். தூக்கிப் போடவும் மனம் வரவில்லை.

இரண்டாயிரமாம் ஆண்டு. கொழும்பில் எங்கோ குண்டு வெடித்ததாக ரேடியோவில் சொன்ன மறுவாரம், பெயர் கூப்பிட்டு வேலை பிரிக்கும் காலைப் பெரட்டுக்கு ஆட்கள் கூடுகிற நேரத்தில் மணிக்கூண்டுத் தோட்டத்துக்குள் இராணுவ லொறிகள் வந்தன. பெயர் கூப்பிட வேண்டிய கணக்கப்பிள்ளை புத்தகத்தை மூடிவிட்டார். கீழ் லயத்திலிருந்து தொடங்கி ஒவ்வொரு காம்பராவாகச் சோதனை என்று செய்தி மேலே ஓடி வந்தது.

சின்னராசா பலகைப் பெட்டியைத் திறந்து விமானப் பெட்டியை மட்டும் வெளியே எடுத்தார்.

“அடுப்புல போடுங்க,” என்றார் நாகலெட்சுமி. குரலில் வழக்கமான கேலி இல்லை.

அவர் அடுப்படிக்குப் போனார். குனிந்தார். அட்டையைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். அங்கேயே நின்றார்.

“போடுங்கங்க! வந்துட்டாங்க!”

“முடியல புள்ள.”

லயத்தில் எந்தக் காம்பராவுக்குப் போனாலும் பிறப்புச் சீட்டு, அடையாள அட்டை, கலியாணப் பதிவு எல்லாம் சாமிப் படத்துக்குப் பின்னால்தான் இருக்கும். மழை ஒழுகாத மூலை பார்த்துத்தான் சாமித்தட்டு அடித்திருப்பார்கள். அதைவிடப் பத்திரமான இடம் வேறு இல்லை. சின்னராசாவின் கையும் பழக்கத்தில் அங்கேயே போனது. பெட்டியை மாரியாத்தா படத்துக்குப் பின்னால் நிறுத்தி, “தாயே, ஒன் பொறுப்பு,” என்று கும்பிட்டார். பெட்டி தடிப்பம். படம் முன்னால் சாய்ந்து, ஆத்தா குனிந்து வாசலைப் பார்ப்பது போல நின்றாள்.

மற்றப் பெட்டிகளோடு அதையும் பலகைப் பெட்டிக்குள்ளேயே விட்டிருந்தால் ஒன்றும் நடந்திருக்காது. வந்த சிப்பாய்கள் முதலில் அந்தப் பலகைப் பெட்டியைத்தான் திறந்தார்கள். அரக்கன் படம் போட்ட பெட்டி ஒன்றை எடுத்து ஒருவன் மற்றவன் முகத்துக்கு நேரே நீட்ட, இருவரும் சிரித்துவிட்டு உள்ளே போட்டார்கள். சின்னராசாவுக்கு மூச்சு வந்தது. ஆனால் அவர்கள் தோட்டத்துக்கு வருவது இது முதல் தடவை இல்லை. கடதாசி எல்லாம் எங்கே இருக்கும் என்று அவர்களுக்கும் தெரியும். ஒரு சிப்பாய் நேராகச் சாமித்தட்டுக்குப் போனான். விளக்கை இரண்டு கையாலும் பக்குவமாக நகர்த்தி வைத்தான். படத்தைத் தூக்கினான்.

நெருப்புக் கக்கும் விமானம் எல்லோரையும் பார்த்துக்கொண்டிருந்தது.

“மேக்க மொகக்த?” இது என்ன என்று கேட்டபடி, வாசல் திண்ணையான இஸ்தோப்பில் நின்ற இளம் அதிகாரி உள்ளே வந்தார். தாளை விரித்தார். தீவு. சிவப்பு வட்டங்கள். சக்கரத்தைத் திருப்பினார். இலக்கங்கள் மாறின.

சின்னராசாவுக்குத் தெரிந்த சிங்களம் முழுவதும் தொழில் சிங்களம். அதுதான் வாயில் வந்தது. “பரண போத்தல்... பத்தர... மாத்தையா.” பழைய போத்தல், பத்திரிகை ஐயா.

அதிகாரிக்குக் கொஞ்சம் தமிழ் வந்தது. பலகைப் பெட்டியைக் காட்டினார். “அது எல்லாம் அங்க. இது மட்டும் ஏன் ஒளிச்சது?”

சின்னராசாவிடம் அதற்குப் பதில் இருந்தது. பயமாக இருந்தது, அதனால் ஒளித்தேன் என்பதுதான் பதில். அதைச் சொன்னால் என்ன ஆகும் என்ற பயத்தில் மறுபடியும், “பரண போத்தல்...” என்றுதான் சொன்னார்.

இத்தனை வருடமாகச் சொல்லிச் சொல்லிப் பயந்தது நடந்துவிட்டது. கேட்டு வந்துவிட்டார்கள்.

அவரை முன்னால் நடக்கவிட்டுச் சிப்பாய்கள் பின்னால் வந்தார்கள். லயத்து வாசல்களில் நின்றவர்கள் ஓரடி உள்ளே போனார்கள். கேட்டடியில் சோலைமலை எழுந்து நின்றார். பீடி கையிலேயே புகைந்துகொண்டிருந்தது. சின்னராசா சட்டைப் பொத்தானை மாற்றிப் போட்டிருந்தார். காலில் செருப்பு இல்லை. நாகலெட்சுமி செருப்பைக் கையில் வைத்துக்கொண்டு, “ஏங்க, கல்லு குத்துமுங்க! ஏங்க!” என்று அழுதுகொண்டே தோட்டத்து ஆபீஸ் வரைக்கும் ஓடி வந்தார்.

ஆபீசில் ஒரு கம்பியூட்டர் இருந்தது. சம்பளக் கணக்குப் போட வாங்கியது. அதை இயக்கத் தெரிந்த ஒரே ஆள் கிளாக்கர் துரைராசா, யாழ்ப்பாணத்துக்காரர். லொறிச் சத்தம் கேட்டதிலிருந்து அவரும் தன் அடையாள அட்டையை மேசைமேல் எடுத்து வைத்துக்கொண்டு வியர்த்துப்போய்த்தான் இருந்தார். பெட்டியையும் சின்னராசாவையும் பார்த்ததும் முகம் வெளுத்தது.

“ஐயோ சின்னராசா, என்ன வேலையப்பா பார்த்து வைச்சிருக்கிறீர்? இந்தப் பிளாப்பித் தகட்டுக்குள்ள என்ன கிடக்கெண்டு உமக்குத் தெரியுமோ?”

“தெரியாதுங்கய்யா.”

“இவ்வளவு வருசம் வீட்டில வைச்சிருந்துபோட்டுத் தெரியாதெண்டால் ஆர் நம்புவினம்?”

அப்போதுதான் சின்னராசாவுக்கு அந்தப் பயம் பிடித்தது. அதற்கு முன் பட்டதெல்லாம் பயமே இல்லை என்றாகிவிட்டது. உண்மையிலேயே தெரியாதே! அழகம்மா சொன்னது காடு, மலை, கோட்டை. அது வேறு பெட்டி. இந்தத் தகட்டை எத்தனை பேர் கை தொட்டதோ, யார் எதை எழுதி வைத்தார்களோ. ‘அதில் தப்பாக ஒன்றுமில்லை’ என்று ஆத்தா தலையில் அடித்துச் சத்தியம் செய்யக்கூட அவரால் முடியாது.

அதிகாரி தகட்டைத் துரைராசாவிடம் கொடுத்தார். துரைராசா அதை உள்ளே தள்ளினார். கிர்ர், கிர்ர் என்று சத்தம். திரை கறுப்பாகவே கிடந்தது.

“ஈரம் பட்டிருந்தால் ஓடாது,” என்று துரைராசா உதடசையாமல் முணுமுணுத்தார். “ஓடாட்டில் இன்னும் கரைச்சல்.”

சின்னராசா மனத்துக்குள் தேயிலைப் பெட்டியையும் அடுப்புக்கரியையும் ஆத்தாவையும் மாறி மாறிக் கும்பிட்டார். கிர்ர் சத்தம் நின்றது. திரை வெளிச்சமானது. ஒரு விமானப் படம். அதற்குக் கீழே ஒரு பருந்து. அதற்கும் கீழே ஒரு வரி ஆங்கிலம், பக்கத்தில் மினுக்கி மினுக்கி ஒரு கோடு.

“என்ன சொல்றது?” அதிகாரி கேட்டார்.

துரைராசா தன் அடையாள அட்டையைக் கிட்ட இழுத்து வைத்துக்கொண்டார். “ரகசிய... ரகசிய இலக்கம் கேக்குது, சேர்.”

அறையில் நின்ற சிப்பாய்கள் இருவரும் நிமிர்ந்தார்கள். அதிகாரி மெல்லத் திரும்பிச் சின்னராசாவைப் பார்த்தார். அந்தப் பார்வையில் கோபம்கூட இல்லை. அதுதான் அதிகப் பயமாக இருந்தது.

சின்னராசா திரையைப் பார்த்தார். அந்த விமானத்தை அவருக்குத் தெரியும். வால் இரண்டாகப் பிரிந்தது. அந்தப் பருந்தையும் தெரியும். ஞாயிற்றுக்கிழமை வெயிலில் எத்தனை தரம் இரண்டையும் நேருக்கு நேர் நிறுத்திப் பார்த்திருக்கிறார்!

கையைக் கூப்பினார். “ஐயா, அந்த வட்டத்த ஒரு தடவ என் கையில குடுக்கச் சொல்லுங்கய்யா.”

துரைராசா சிங்களத்தில் சொன்னார். அதிகாரி யோசித்தார். பிறகு சக்கரத்தை மேசைமேல் தள்ளிவிட்டார்.

சின்னராசா திருப்பிய அவசரத்தில் பருந்து விமானத்தைத் தாண்டிப் போனது. சன்னலில் வந்த இலக்கத்தை வாசித்தார். துரைராசா அடித்தார். கம்பியூட்டர் கீச்சென்று கத்திவிட்டு வேறு விமானம், வேறு முத்திரை என்று மாற்றிக் கேட்டது.

“இலக்கம் பிழைச்சிட்டுது. அவசரப்படாமல் ஆறுதலாத் திருப்பும்,” என்றார் துரைராசா.

இந்தத் தடவை மொட்டை மூக்கு விமானமும் பாம்பும். சின்னராசா சக்கரத்தை நெஞ்சோடு அணைத்துப் பிடித்துக்கொண்டு திருப்பினார். பாம்பு விமானத்துக்கு நேரே வந்ததும் கட்டைவிரலால் அழுத்திப் பிடித்தார். இலக்கங்களை ஒவ்வொன்றாகச் சொன்னார். துரைராசா அடித்தார்.

டிங் டிங் என்று ஒரு மெட்டு வந்தது. பச்சைத் தரை, நீலக் கடல், மேலே ஒரு குட்டி விமானம். சிப்பாய் ஒருவன் துப்பாக்கியைச் சுவரில் சாத்திவிட்டு வந்து ஒரு பொத்தானை அமுக்கினான். விமானம் தலைகுப்புறக் கடலில் விழுந்தது. டமார் என்ற சத்தத்துக்குச் சின்னராசா துள்ளி விழுந்தார். சிப்பாய்கள் விழுந்து விழுந்து சிரித்தார்கள்.

“செல்லம் படுவக்,” என்றார் அதிகாரி. விளையாட்டுச் சாமான்.

எத்தனையோ வருடமாக ஒரு பெட்டிக்குள்ளாவது என்ன இருக்கிறது என்று பார்க்க ஆசைப்பட்டவர் சின்னராசா. அன்று அது அவர் கண்ணுக்கு முன்னாலேயே ஓடியது. அவரோ அதிகாரியின் காலில் இருந்த சப்பாத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். கடல் நீலமா பச்சையா என்றுகூட அவருக்குத் தெரியாது. துரைராசா சொல்லித்தான் தெரியும்.

“யன்ன,” என்று அதிகாரி கையை வீசினார். போகலாம். தகடு, புத்தகம், சக்கரம் எல்லாவற்றையும் பெட்டிக்குள் போட்டுத் தந்தார்கள். வரைபடத்தை மட்டும் அதிகாரி நாலாக மடித்துத் தன் பைக்குள் வைத்துக்கொண்டார்.

சின்னராசா வாசல்வரை போனார். வெளியே போகாமல் நின்றுவிட்டார். துரைராசா கண்ணாலேயே கெஞ்சினார், போம், போய்த் தொலையும் என்று. வெளியே நாகலெட்சுமி செருப்போடு நின்றார்.

“மாத்தையா... அந்தக் கடுதாசி... அதும் இந்தப் பொட்டியோடதுங்க.”

அதிகாரி தன் பையை மூடினார். “அது எங்ககிட்ட இருக்கும்,” என்றார் தமிழில். “தேவைன்னா நாங்க வந்து கேக்குறது.”

அந்த வார்த்தையோடு சின்னராசா வீடு வந்து சேர்ந்தார். நாகலெட்சுமி சாமித்தட்டில் படத்தை நிமிர்த்தி வைத்து, விளக்கைப் பழைய இடத்தில் வைத்தார். அழுகை அடங்கியதும் பழைய வாய் திரும்பியது.

“ஆத்தாகிட்ட அடைக்கலம் குடுத்தீங்க. ஆத்தா பிடிச்சும் குடுத்தா, மீட்டும் குடுத்தா. இனியாச்சும் அவ தலையில ஒங்க குப்பைய ஏத்தாதீங்க.”

விமானப் பெட்டி பலகைப் பெட்டிக்குள் திரும்பிப் போனது. ஆனால் அதில் ஒரு தாள் குறைவு. மற்றப் பெட்டிகளில் குறைந்ததையெல்லாம் தேடிப் போய்க் கேட்டு வாங்கியவர், அதைக் கேட்க எங்கே போவார்? “அந்தத் தீவுப் படம் அவங்ககிட்ட இருக்கு. வேற ஒரு ஆபீசரு அதப் பாத்துட்டு, இது எவன் வீட்டுல எடுத்ததுன்னு கேட்டு வந்தா?” என்று இன்றும் சொல்வார். அதனால் அன்று தன்னை மீட்ட சக்கரத்தை மட்டும் பெட்டியில் வைக்கவில்லை. பிளாஸ்டிக் உறையில் போட்டு, அடையாள அட்டையோடு சேர்த்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார். சட்டை துவைக்கிற நாளில் அது அவர் கையிலேயே இருக்கும்.

இப்போது சண்டை ஓய்ந்துவிட்டது. பாதைகளில் மறித்துச் சோதிக்கிறவர்கள் இல்லை. சின்னராசாவுக்குத் தலை நரைத்துவிட்டது. சாக்கு மட்டும் இளைக்கவில்லை. போன மாதம் தலவாக்கலையிலிருந்து ஹட்டனுக்குப் பஸ்ஸில் வந்துகொண்டிருந்தார். மடியில் ஒரு புதிய பெட்டி. புதியது என்றால், அவருக்குப் புதியது. மூடியை இலேசாகத் திறந்து மோந்து பார்த்துக்கொண்டிருந்தார். வழியில் பஸ்ஸை நிறுத்தி டிக்கட் பரிசோதகர் ஒருவர் ஏறினார். சின்ன வயது, சிரித்த முகம். வரிசையாக வந்தவர் சின்னராசாவின் முன்னால் நின்று கையை நீட்டினார்.

சின்னராசா எழுந்து நின்றார். சட்டைப்பைக்குள் கையை விட்டு, முதலில் அடையாள அட்டையை எடுத்துக் கொடுத்தார். அடுத்து அந்தச் சக்கரத்தை இரண்டு கையாலும் நீட்டினார். மொட்டை மூக்கு விமானத்துக்கு நேரே பாம்பு ஏற்கனவே திருப்பி வைக்கப்பட்டிருந்தது. அது நகர்ந்துவிடாதபடி கட்டைவிரலால் அழுத்திப் பிடித்திருந்தார்.